என்னைத் தாண்டிப் போன குவளை

அசுன்சியோன்
6 அக்டோபர் 2008

மதிப்பிற்குரிய ஞா சத்துர்னினா விஜால்பா அவர்களுக்கு,

என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். ராணுவ மருத்துவமனையின் மூன்றாம் வார்டில் நீங்கள் துணை நர்சாக இருந்தபோது பொறுப்பில் இருந்த லெப்டினன்ட் ரொத்தேலா நான்தான். மேஜராக ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் பரகுவாரி முகவரியை ஓய்வூதியப் பிரிவில் கேட்டு வாங்கினேன்.

ஒரு விசாரணைக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். அதே மூன்றாம் வார்டுதான். நிமியா அகீனோ என்ற துணை நர்ஸ் வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. செப்டம்பர் 12 அன்று ஏழாம் கட்டில் சிப்பாய்க்கு டிபைரோன் ஊசி போட்டிருக்கிறாள். அவனுக்கு அந்த மருந்து ஆகாது. இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தான். மருந்து ஆகாது என்பது பதிவேட்டில் எழுதப்படவில்லை. காலையில் வாயால் சொன்னோம் என்கிறார்கள் மற்ற நால்வரும். யாரும் சொல்லவில்லை என்கிறாள் நிமியா. நாற்பது நாளாக யாரும் தன்னிடம் பேசுவதில்லை, தெரெரே குடிக்கும் வட்டத்தில் குவளை தன்னைத் தாண்டிப் போய்விடுகிறது என்றும் சொல்கிறாள்.

மற்றவர்கள் சிரிக்கிறார்கள். "வயிறு சரியில்லைன்னு அவளேதான் வேண்டாம்னா, மேஜர். நாங்க என்ன, வாயில ஊத்தவா முடியும்?" என்றாள் அவர்களில் மூத்தவளான சார்ஜென்ட் பெர்லா.

விசாரணை நவம்பர் 4. அவளை நீக்கினால் வேறு எந்த அரசு மருத்துவமனையும் அவளை எடுக்காது. அந்த வார்டில் இப்படி ஒதுக்கிவைக்கும் வழக்கம் எப்போதாவது இருந்ததா? நினைவிருந்தால் எழுதவும். என் தொலைபேசி எண்ணைக் கீழே தந்திருக்கிறேன்.

எர்மெலிந்தா ரொத்தேலா
மேஜர் (ஓய்வு)

*

பரகுவாரி
11 அக்டோபர் 2008

மேஜர் அம்மாவுக்கு,

போனில் பேசமாட்டேன். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். காகிதத்தில் முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள். அவள் எழுதினால் என் கோபத்தையெல்லாம் வடிகட்டிவிடுவாள். அதனால் நானே எழுதுகிறேன்.

பெயருக்கு முன்னால் மரியாதையாக 'ஞா' போட்டிருக்கிறீர்கள். நீங்கள் அந்த வார்டில் இருந்த காலம் முழுக்க உங்கள் வாயால் எனக்குக் கிடைத்த பெயர் "ஏய், புதுசு". சலவைக்கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் புதுசுதான்.

நினைவிருந்தால் எழுதவும் என்கிறீர்கள். எது மறந்தது என்று கேளுங்கள், தேடிப் பார்க்கிறேன்.

1979, மார்ச் மாதம். நர்சுகளில் மூத்தவளான தெய்தாமியா காய்ச்சல் பார்க்காமலே சூடு எழுதிக் கையெழுத்துப் போடுவாள். டாக்டர் என்னிடம் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன். மறுநாள் காலையில் ஆரம்பித்தது. நம் நாட்டில் எந்த வீட்டிலும் இளையவள்தான் கூஜாவைப் பிடித்து, தெரெரே இலை போட்ட ஒரே குவளையில் ஒவ்வொருவருக்காகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவாள். மூன்றாம் வார்டில் மட்டும் மூத்தவள் ஊற்றுவாள். முதல் ஊற்று புனித தோமாவுக்கு, அது இலையில் ஊறிப் போகும். அப்புறம் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருத்தியாக. என் முறை வரும்போது கொம்புக் குவளை என் மூக்குக்கு முன்னால் அப்படியே அடுத்தவளிடம் போகும். ஒருநாள் கையை நீட்டியே பார்த்தேன். "அடடே, நீயும் இங்கதான் இருக்கியா?" என்றாள் தெய்தாமியா. ஒரே சிரிப்பு. ஒருநாளும் அந்த வார்டுக்கு வராத புனித தோமாவுக்குத் தினம் ஒரு ஊற்று கிடைத்தது. எதிரில் நின்ற எனக்குக் கிடைக்கவில்லை.

குடிக்கக் கிடைக்கவில்லை என்று நான் அழவில்லை. வார்டே அந்த வட்டத்தில்தான் நடந்தது. பதிவேட்டில் வெறும் கையெழுத்து, சேதி எல்லாம் குவளையோடு சுற்றும். ஒன்பதாம் கட்டிலுக்கு உப்பு கூடாது, நாலாம் கட்டிலுக்குப் புரண்டு படுக்க ஆள் வேண்டும் என்று. வட்டத்துக்கு வெளியே நிற்பவளுக்கு எல்லாக் கட்டிலும் ஒன்றுதான்.

ஏப்ரல் 19, புனித வாரம் முடிந்த வியாழன். பதினொன்றாம் கட்டிலில் எலாதியோ, சான் பெத்ரோ பக்கம், கட்டாயச் சேவைக்கு வந்தவன், பதினெட்டு வயது. வயிற்றில் அறுவை ஆகியிருந்தது. சொட்டுத் தண்ணீர் கூடாது. அதை வட்டத்தில் சொன்னார்கள். நான் கொதிகலன் பக்கம் நின்று பஞ்சு மடித்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அவன் "அக்கா, தண்ணி" என்றான். அரை டம்ளர் கொடுத்தேன். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

நீங்கள் அறிக்கை எழுதினீர்கள். "துணை நர்சிடம் நானே நேரில் சொன்னேன்" என்று. எனக்குப் பத்து நாள் காவல், நாலு வருஷம் சலவைக்கூடம்.

நிமியாவுக்காக வந்து சொல்கிறேன். அதற்கு முன்னால் அன்று காலை நடந்ததை நீங்கள் உங்கள் கையால் எழுதி அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் வரமாட்டேன்.

சத்துர்னினா விஜால்பா

*

அசுன்சியோன்
17 அக்டோபர் 2008

மதிப்பிற்குரிய ஞா சத்துர்னினா,

உங்கள் கடிதம் என்னை வருத்தியது. அது வேறு காலம். மேலிருந்து எங்களையும் அப்படித்தான் நடத்தினார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வார்டில் ஒரு மரணம் நடந்தால் ஒரு பெயர் கேட்பார்கள், கேட்டவர்களுக்குப் பெயர் கொடுத்தாகவேண்டும். நான் சொன்னதாக எழுதியிருந்தால், சொல்லியிருப்பேன் என்று நம்பித்தான் எழுதியிருப்பேன். அன்று காலை வட்டத்தில் இருந்தேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு மனக்கசப்பு நேர்ந்திருந்தால் வருந்துகிறேன்.

நடந்தது போகட்டும், இனி நடக்காமல் பார்ப்போம். வார்டுச் சுவரில் ஒட்டுவதற்குப் பத்து விதிகள் எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி இத்துடன். உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும். நவம்பர் 4 நெருங்குகிறது.

எ. ரொத்தேலா

*

பரகுவாரி
22 அக்டோபர் 2008

மேஜர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை வைத்துக்கொள்ள என் வீட்டில் இடமில்லை.

நேர்ந்திருந்தால் என்கிறீர்கள். உறுதியில்லை என்கிறீர்கள். சரி, உறுதியை நான் தருகிறேன். அன்று கூஜாவில் எலுமிச்சைப்புல் இடித்துப் போட்டிருந்தது. நீங்கள் ஜன்னலோரம், கை உடைந்த நாற்காலியில். இடது காலுறையில் குதிகாலுக்கு மேல் ஓட்டை. தெய்தாமியா "பதினொண்ணுக்குத் தண்ணி காட்டாதீங்கடி" என்று சொன்னபோது மூன்றாவது குவளை உங்கள் கையில் இருந்தது. நீங்கள் உறிஞ்சினீர்கள், தலையாட்டினீர்கள். அவள் சொன்னது இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்கவில்லை. கொதிகலன் இரைச்சல். அவள் உதடு அசைந்ததும், நீங்கள் தலையாட்டியதும்தான் தெரிந்தது. என்ன சொன்னாள் என்பதைக் காவலில் இருந்தபோதுதான் கேள்விப்பட்டேன். வட்டம் கலைந்து என் பக்கமாகத்தான் நடந்து போனீர்கள். கையில் குடை. என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அவன் அம்மா வந்தது நினைவிருக்கிறதா? மகன் செத்தது தெரியாமல் வந்தாள். நர்சுகளுக்கென்று ஒரு துணி நிறைய சீபா ரொட்டி. அதைச் சாப்பிட்டது நீங்களெல்லாம்.

பத்து விதியைப் படித்தேன். 'ஒருவரையொருவர் மரியாதையாகப் பேசுக' என்று முதல் விதி. தெய்தாமியா என்னை மரியாதையில்லாமல் ஒரு வார்த்தை பேசினதில்லை. அந்த ஒரு 'அடடே'க்கு அப்புறம் அவள் என்னிடம் பேசினதே இல்லை. இதைச் சுவரில் ஒட்டினால் நாலாம் நாள் அதன்மேல் காலண்டர் மாட்டுவார்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது செய்யவேண்டும் என்று இருந்தால், சேதியைக் குவளையிலிருந்து பிரியுங்கள். காலையில் வேலை முடிந்து போகிறவர்களும் வேலைக்கு வருகிறவர்களும் கட்டில் கட்டிலாக நடக்கட்டும். ஒவ்வொரு கட்டில் முன்னாலும் நின்று சத்தமாகச் சொல்லட்டும், படுத்திருப்பவன் காதிலும் விழும்படி. கடைசிக் கட்டில் முடிந்த பிறகு கூஜா வரட்டும். அதுவும் இளையவள் கையில் வரட்டும், எல்லா வீட்டிலும் போல. அப்புறம் யார் யாரை ஒதுக்கினாலும் எந்தப் பையனும் சாகமாட்டான்.

விசாரணைக்கு நான் வரவில்லை.

சத்துர்னினா

*

அசுன்சியோன்
29 அக்டோபர் 2008

ஞா சத்துர்னினா,

நீங்கள் வரமாட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை சொல்லாமல் மூன்றாம் வார்டுக்குப் போனேன். வட்டம் கூடியிருந்தது. எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்கள். பெர்லா கையில் கூஜா. முதல் ஊற்றை இலைக்கு விட்டாள், இரண்டாவதை எனக்குக் கொடுத்தாள். நிமியா மருந்து அலமாரிப் பக்கம் நின்று, எண்ணி முடித்த கட்டுத்துணியையே மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அவ வரலையா?" என்றேன்.

"நிமி, மேஜர் கூப்பிடறாங்க, வாடி!" என்றாள் பெர்லா, தேன் ஒழுகும் குரலில். அவள் வந்து நின்றாள். குவளை எனக்கு, பக்கத்தவளுக்கு, அதற்கடுத்தவளுக்கு. நிமியாவைத் தாண்டிப் பெர்லாவிடமே திரும்பியது. ஒருத்தி முகத்திலும் மாற்றமில்லை. நானே பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்படிச் செய்தார்கள். என்னைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை. நான் அவர்களில் ஒருத்தி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுபடி என் முறை வந்தது. உறிஞ்சும் குழாயை வாயில் வைத்தேன். நீங்கள் எழுதிய அதே எலுமிச்சைப்புல்.

இனி நீங்கள் கேட்டது. 1979 ஏப்ரல் 19 காலை நான் வட்டத்தில் இருந்தேன். பதினொன்றாம் கட்டிலுக்குத் தண்ணீர் கூடாது என்று தெய்தாமியா சொன்னதைக் கேட்டேன். துணை நர்ஸ் விஜால்பா வட்டத்தில் இல்லை என்பதையும், ஏன் இல்லை என்பதையும் அறிந்திருந்தேன். அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் இருந்த பக்கமாக நடந்துபோனேன். அவரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, 'இவளிடம் பேசுவதை அவர்கள் பார்த்தால்?' என்பதுதான். நான் அவர்களுக்கு மேலதிகாரி. இருந்தும் பயந்தேன். பிறகு பொய் அறிக்கை எழுதினேன்.

இதன் பிரதியைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நவம்பர் 4 அன்று நானே எழுந்து படிப்பேன். கட்டில் கட்டிலாக நடக்கும் உங்கள் யோசனையையும், உங்கள் பெயரிலேயே, எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்து விதிகளைக் கிழித்துவிட்டேன்.

எர்மெலிந்தா ரொத்தேலா

*

பரகுவாரி
31 அக்டோபர் 2008

மேஜர் அம்மாவுக்கு,

இதைத் தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. காலை பஸ் நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இருபத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த கடிதம். படித்து முடித்ததும் பசி எடுக்கும், நிம்மதியாகச் சாப்பிடுவேன் என்று நினைத்திருந்தேன். மண்டியோகாக் கிழங்கு வெந்து ஆறிப்போய் இன்னும் அடுப்பின்மேலேயே கிடக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அவளிடம் பேசுவதை அவர்கள் பார்த்தால் என்ற வரி. அந்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

தெய்தாமியா 1985 கடைசியில் ஓய்வுபெற்றாள். நீங்கள் அதற்குள் வேறு பிரிவுக்கு மாற்றலாகிவிட்டீர்கள். கூஜா என் கைக்கு வந்தது. அடுத்த பிப்ரவரியில் பிளாசிதா ஒவேலார் என்று ஒரு பெண் வந்தாள். நர்சிங் பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்கினவள். ஒருநாள் சார்ஜென்ட்டுகள் முன்னால் சொன்னாள்: "ஞா சத்து, ஊசியை இப்படிக் கொதிக்க வச்சா பத்தாது. நான் காட்டறேன், தள்ளுங்க." மூன்றாம் வகுப்புப் படித்தவளைப் பார்த்துத் தள்ளுங்க என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மறுநாள் குவளை அவளைத் தாண்டிப் போனது. அது என் கை.

நிறுத்தியிருக்கலாம். மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு ஊற்றினால் மறுபடி நான் புதுசாகிவிடுவேனோ என்று இருந்தது. இருபத்தாறு நாள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எண்ணினேன். எனக்குச் செய்தபோது எண்ணியதுபோலவே, நான் செய்தபோதும் எண்ணினேன். இருபத்தேழாம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. வேலையை விட்டுவிட்டாள். யாரும் சாகவில்லை, அதனால் யாரும் விசாரிக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் உங்களை நான் திட்டாத நாளில்லை. பிளாசிதாவை நினைத்த நாள் அதில் நாலைந்து இருக்கும். நினைத்தவுடனே, அவள் திமிர் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டு வேறு வேலை பார்ப்பேன்.

நாலாம் தேதி வருகிறேன். இதையும் சொல்வேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று ஓய்வூதியப் பிரிவில் கேட்டுச் சொல்லுங்கள். ஓய்வூதியம் வரை அவள் தாக்குப்பிடிக்கவில்லை என்பது தெரியும், ஆனாலும் பழைய காகிதம் ஏதாவது இருக்கும்.

சத்துர்னினா

*

அசுன்சியோன்
6 நவம்பர் 2008

ஞா சத்துர்னினா,

முடிவைக் கேட்காமல் இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

குழுத் தலைவரான கர்னல் உங்களிடம் "பழைய பகையைத் தீத்துக்க வந்தீங்களா, ஞா?" என்று கேட்டார். "ஆமா, கர்னல். அதுக்கும்தான் வந்தேன். பகை இருக்கிறதால நான் சொல்றது பொய்யாயிடுமா?" என்றீர்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் அறிக்கையை நான் படித்தபோதும், உங்களுக்கு நடந்ததை நீங்கள் சொன்னபோதும் அந்த நால்வரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் பிளாசிதாவைப் பற்றிச் சொன்ன பிறகுதான் அந்த அறையில் ஏதோ மாறியது. பெர்லா உங்களையே பார்த்தாள். பார்த்தீர்களா?

நீங்கள் போன பிறகு, நால்வரில் இளையவள் எழுந்தாள். "ஏழாம் கட்டில் விஷயத்தை நாங்க அவகிட்டச் சொல்லலை" என்றாள். "சொல்லணும்னு எனக்குத் தோணிச்சு. சொன்னா அடுத்து நான்தான்னும் தோணிச்சு." பெர்லா "உக்காருடி" என்றாள். ஆனால் அவள் உட்காரவில்லை. பிறகு பெர்லாவும் ஒப்புக்கொண்டாள். தான் நரம்பு கிடைக்காமல் திணறியபோது நிமியா நோயாளி முன்னாலேயே தன் கையிலிருந்து ஊசியை வாங்கிப் போட்டாளாம். ஒதுக்கிவைத்ததற்கு அவ்வளவுதான் காரணம்.

நிமியாவை நீக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்துக் கேள்வி கேட்காததற்கு ஓர் எச்சரிக்கை மட்டும். பெர்லாவுக்கும் வார்டுப் பொறுப்பாளருக்கும் தண்டனை உண்டு. நேற்று முதல் கட்டில் கட்டிலாக நடக்கிறார்கள். முதல் நாள் முணுமுணுத்தார்களாம். ஏழாம் கட்டில் சிப்பாய் "எனக்கு ஆகாத மருந்தை இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்கக்கா, எனக்கும் மனப்பாடம் ஆகட்டும்" என்றானாம்.

எலாதியோவின் ஆவணத்தில் திருத்தம் எழுதப்பட்டுவிட்டது. அவன் தாய் உயிரோடு இல்லை. தம்பி இருக்கிறார். சான் பெத்ரோவுக்கு நான் நேரில் போகிறேன். என் பணிப் பதிவேட்டில் என்ன குறிப்பு எழுதுவார்கள் என்பது டிசம்பரில் தெரியும்.

பிளாசிதா ஒவேலார் இத்தாகுவாவில் இருக்கிறார். முகவரி பின்பக்கத்தில்.

எர்மெலிந்தா

*

பரகுவாரி
17 நவம்பர் 2008

மேஜர் அம்மாவுக்கு,

பெர்லா பார்த்ததைப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், தான் செய்ததை என்னிடம் பார்த்தவளின் பார்வை. அதனால்தான் முன்னாலேயே கிளம்பினேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை இத்தாகுவாவுக்குப் போனேன். இபகராயில் பஸ் மாறவேண்டும். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனது. எனக்கு மறந்துபோனது என்று உங்களிடம் ஒப்புக்கொள்ளும் முதல் விஷயம் இதுதான்.

அவளுக்கும் முடி நரைத்துவிட்டது. மாமரத்தடியில் சட்டம் வைத்து வலைப்பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "ஞா சத்து. கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள்.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். ஊசி கொதிக்கவைத்ததில் அவள் சொன்னதுதான் சரி என்பதையும் சொன்னேன். அது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் ஊசிநூலை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் உள்ளே போய்க் கூஜாவும் குவளையும் கொண்டுவந்தாள். அப்பாடா என்று உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்தாள்.

முதல் ஊற்று புனித தோமாவுக்கு. இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதை என் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து, அப்படியே தாண்டிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். புதினா வாசனை வந்தது. திரும்ப அவளுக்கு. திரும்பப் பக்கத்து வீட்டுக்காரிக்கு. அந்த அம்மாள் பதறிப்போய், "விருந்தாளிக்கு ஊத்தலையே, பிளாசி?" என்றாள். "அவங்களுக்குத் தெரியும். நீ குடி" என்றாள் பிளாசிதா.

கூஜா காலியாகும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை, கையும் நீட்டவில்லை. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. நவம்பர் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வாசல்வரை கூட வந்தாள். "இருபத்தாறு நாள், ஞா சத்து" என்றாள். "இன்னைக்கு ஒண்ணு கழிஞ்சுது. அடுத்த ஞாயிறு வாங்க."

பஸ்ஸில் கோபத்தில் கொதித்துக்கொண்டு வந்தேன். பிராயு தாண்டும்போது சிரிப்பு வந்துவிட்டது. அவளும் எண்ணியிருக்கிறாள். உலகத்தில் என்னைப்போல் இன்னொருத்தி இருக்கிறாள், அவளைப் போய் நான் ஒதுக்கிவைத்தேன்.

நீங்கள் மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கேயும் எழுதவில்லை, கவனித்தேன். நல்லதுதான். நானும் எழுதமாட்டேன். உங்களுக்கு எத்தனை நாள் வைப்பது என்று இன்னும் யோசித்து முடிக்கவில்லை. சான் பெத்ரோ போய் வந்து, தம்பிக்காரர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். அதைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

இன்னும் இருபத்தைந்து ஞாயிறு இருக்கிறது. காலண்டரில் குறித்துவிட்டேன். ஒன்றும் தவறாமல் போனால் மே பத்தாம் தேதி முடிகிறது. அதற்குள் குளிர் வந்துவிடும், ஊரெல்லாம் சூடான மாத்தேக்கு மாறிவிடும். ஆனாலும் மே பதினேழாம் தேதி நான் குளிர்ந்த தெரெரேதான் கேட்பேன். புதினா போட்டு.

சத்துர்னினா